காவலைக் கழற்றாதீர்!

வாசலில் காவல் கிடக்கும் நாய் நள்ளிரவில் குரைக்கிறது. தூக்கம் கெட்டதே என்று சினந்து எழுந்து, நாயை அடித்து விரட்டிவிட்டு, கதவையும் திறந்து போட்டுவிட்டு உறங்கப் போகிறவனை ஊர் என்ன சொல்லும்? கெட்டிக்காரன் என்று சொல்லாது. ஆனால், தோழர்களே, அதே செயலை ஒருவர் ஒரு மின்கருவியிடம் செய்தால் நாம் அவருக்குக் கூலி கொடுக்கிறோம். கைராசிக்காரர் என்று பட்டமும் சூட்டுகிறோம். இந்த வேடிக்கையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சான்றாக எடுத்துக்கொள்வது தொலைக்காட்சிப் பெட்டி. சுவரில் படம்போல் தொங்கும் இன்றைய தட்டைப் பெட்டியை அல்ல. முதுகு புடைத்து, இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய, படக்குழாய் வைத்த பழைய பெட்டியை. "செத்த பாம்பை ஏன் அடிக்கிறீர்?" என்று சிலர் கேட்கக்கூடும். பாம்பு முற்றும் சாகவில்லை என்பது என் முதல் விடை. பாம்பு செத்தாலும், அதனிடம் நாம் கற்ற தீய பழக்கம் சாகவில்லை என்பது என் இரண்டாம் விடை.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-இல் டில்லியில் சோதனையாகத் தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். 1982-இல் வண்ணம் வந்தது. 2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அவையெல்லாம் படக்குழாய்ப் பெட்டிகள். ஓலைக் குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் குடியேறியது என்பதே அதன் பொருள். அத்தனை வீடுகளிலும் அது யாரையும் சுடாமல் படம் மட்டும் காட்டிக்கொண்டிருந்தது என்றால், அதற்குக் காரணம் பெட்டிக்குள் இருந்த காவல்தான். அந்தக் காவலைத்தான் நம்மவர்கள் அறியவில்லை. அறியாததால் மதிக்கவும் இல்லை.

முதலில், இத்தனை ஆயிரம் வோல்ட் எதற்கு? படக்குழாயின் கழுத்தில் உள்ள எலெக்ட்ரான் துப்பாக்கி எலெக்ட்ரான்களைக் கற்றையாக விடுகிறது. அவை முன்திரையில் பூசிய ஒளிர்பொருளின் மேல் வேகமாக மோதினால்தான் வெளிச்சம் பிறக்கும். அந்த வேகத்தைக் கொடுப்பது உயர் மின்னழுத்தம். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அது சுமார் 12,000 முதல் 18,000 வோல்ட் வரை. வண்ணப் பெட்டியில் 20,000-க்கு மேல், பெரிய திரையானால் 25,000-ஐயும் தாண்டும்.

இதை உண்டாக்கப் பெட்டிக்குள் தனி ஆலை ஏதும் இல்லை. கோடு கோடாகப் படம் வரையும் வேலையின் உபரியாகவே அது பிறக்கிறது. நம் நாட்டு முறையில் வினாடிக்கு 15,625 கோடுகள். ஒவ்வொரு கோடும் இடமிருந்து வலமாக ஓடி முடிந்ததும் கற்றை மறுபடி இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 12 மைக்ரோ வினாடி. அந்தக் கணத்தில் ஒரு டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை வெடுக்கென நிறுத்துகிறது. குழாயில் வேகமாக ஓடும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் குழாயே அதிர்கிறதல்லவா? அதுபோலவே, சுருளில் தேங்கிய காந்த ஆற்றல் போக்கிடம் தேடி ஓர் உயர்ந்த மின்துடிப்பாக எழுகிறது. கடைகளில் 'எல்.ஓ.டி.' என்று சொல்கிறார்களே, அந்த டிரான்ஸ்ஃபார்மர் துடிப்பைப் பல மடங்காக்குகிறது. டையோடுகள் அதை ஒருவழி மின்சாரமாக்குகின்றன. குழாய்க் கண்ணாடியின் உள்ளும் புறமும் பூசிய கரிப்பூச்சு ஒரு கண்டென்சராக நின்று அதைத் தேக்கிவைக்கிறது. வீணாகப் போக வேண்டிய ஆற்றலை வேலை வாங்கிய இந்த யுக்தியை எண்ணி எண்ணி வியக்கலாம்.

ஆனால் பிறந்த மின்னழுத்தம் ஒரே அளவில் நிற்க வேண்டுமே! இருண்ட காட்சியில் எலெக்ட்ரான் ஓட்டம் குறைவு. வெயில் கொளுத்தும் கடற்கரைக் காட்சி வந்தால் ஓட்டம் கூடுகிறது. 25,000 வோல்ட்டில் ஒரு மில்லி ஆம்பியர் ஓடினாலே 25 வாட் செலவு. செலவு கூடினால் மின்னழுத்தம் தளரும். தளர்ந்தால் எலெக்ட்ரானின் வேகம் குறையும். வேகம் குறைந்த எலெக்ட்ரான் காந்தப் புலத்தில் அதிகமாக வளையும். படம் ஊதிப் பெருக்கும். மின்னழுத்தம் பத்து விழுக்காடு இறங்கினால் படம் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு பெரிதாகும். வெளிச்சம் மாறும்போதெல்லாம் படம் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கிய பெட்டிகளைப் பார்த்தவர்கள் நம் வீடுகளில் உண்டு.

இதைச் சரிசெய்யப் பெட்டிக்குள் அடுத்தடுத்துக் காவலர்கள் நிற்கிறார்கள். முதல் காவலர், வீட்டு மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் வரிப் பகுதிக்குப் போகும் சுமார் 110 வோல்ட்டைக் கலங்காமல் காக்கும் மின்வழங்கிச் சுற்று. இரண்டாமவர், வெளிச்சம் எல்லை மீறினால் தானே குறைத்து எலெக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று. இவர்கள் இருவரும் அன்றாட வேலைக்காரர்கள். மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் ஆண்டுக்கணக்கில் ஒன்றுமே செய்யாமல் நிற்பார். டிரான்ஸ்ஃபார்மரின் சிறு சுற்றொன்றிலிருந்து துடிப்பின் உயரத்தை அளந்துகொண்டே இருப்பார். உயரம் எல்லையைத் தாண்டிய மறுகணம் வரிப் பகுதியின் இயக்கத்தையே நிறுத்திவிடுவார். திரை இருண்டுவிடும். பல வண்ணப் பெட்டிகளில் இருந்த இந்தக் காவலரைப் பற்றித்தான் என் வழக்கு.

மின்னழுத்தம் எப்படி எல்லை தாண்டும்? முதல் காவலர் பழுதானால் தாண்டும். வரி டிரான்சிஸ்டரோடு இணைந்து நிற்கும் ஒரு சிறு கண்டென்சர் தன் கொள்ளளவை இழந்தாலும் தாண்டும். அந்தக் கொள்ளளவு நாலில் ஒன்றாகக் குறைந்தால் துடிப்பின் உயரம் இரு மடங்காகும் என்பது நம் இளங்கலை வகுப்புக் கணக்கே. சில ரூபாய்ப் பொருள். அது சோர்ந்தால் பெட்டி முழுவதும் ஆபத்தில் நிற்கிறது.

ஆபத்து என்றால் தீப்பொறி மட்டுமா? இல்லை. வேகமான எலெக்ட்ரான் எதில் மோதினாலும் எக்ஸ்-கதிர் பிறக்கும். ராண்ட்ஜன் 1895-இல் கண்டது இதைத்தான். வரையறுத்த மின்னழுத்தத்தில் பிறக்கும் மெல்லிய கதிர்களைப் படக்குழாயின் கண்ணாடியே விழுங்கிவிடும். அதற்காகவே அதில் ஈயமும் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் கலக்கிறார்கள். ஆனால் மின்னழுத்தம் பத்து விழுக்காடு ஏறினால் கசிவும் பத்து விழுக்காடு ஏறும் என்று எண்ணிவிடாதீர்கள். அது பன்மடங்காகத் தாவும். கதிரின் ஊடுருவும் ஆற்றலும் கூடவே வளர்வதுதான் காரணம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு 1967-ஆம் ஆண்டே சாட்சி. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெரிய திரை வண்ணப் பெட்டிகளிலிருந்து எக்ஸ்-கதிர் அளவுக்கு மேல் கசிவது தெரியவந்தது. 90,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. கதிர் எங்கிருந்து வந்தது தெரியுமா? உயர் மின்னழுத்தத்தைச் சீராக்குவதற்கென்றே வைத்த வால்விலிருந்து! உபரி மின்னோட்டத்தைத் தான் விழுங்கி மின்னழுத்தத்தை நிலைநிறுத்துவது அந்த வால்வின் கடமை. அதற்குள்ளும் எலெக்ட்ரான்கள் முழு வேகத்தில் மோதினவே! கதிர் பெட்டியின் அடிவழியே கீழ்நோக்கிப் பாய்ந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். மறு ஆண்டே, 1968-இல், கதிர்க் கட்டுப்பாட்டுக்கென அமெரிக்கா தனிச் சட்டம் இயற்றியது. பெட்டியின் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் மணிக்கு அரை மில்லி ராண்ட்ஜனுக்கு மேல் கதிர் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. சீராக்கும் வால்வு நாளடைவில் மறைந்தது. மிஞ்சினால் நிறுத்தும் சுற்றுப் பரவியது. ஒரு நாட்டின் மக்கள் அஞ்சிக் கேள்வி கேட்டதால் பிறந்த காவல் அது. அதைத்தான் நாம் ஒரு கத்தரி வெட்டில் முடித்துவிடுகிறோம்.

எப்படி என்கிறீர்களா? எங்கள் பக்கத்து வீட்டு அத்தையின் பழைய பெட்டியை, அவர் புதுப்பெட்டி வாங்கிய பிறகு, நான் கழற்றிப் பார்த்தேன். "தம்பி, பார்த்துக் கழற்று. ராசியான பெட்டி அது. முன்னே அடிக்கடி தானா நின்னு போகும். மெக்கானிக் ஒருத்தர் கை வைச்சார் பாரு, அதுக்கப்புறம் ஒருநாளும் நின்னதில்லை" என்று அத்தை பெருமையாகச் சொன்னார். பலகையைத் திருப்பிப் பார்த்தபோது பெருமையின் காரணம் தெரிந்தது. நிறுத்தச் சொல்லும் வழித்தடம் பிளேடால் சுரண்டி அறுக்கப்பட்டிருந்தது. நின்றதற்கான நோய் அப்படியே இருந்தது. நிற்கும் உரிமை மட்டும் பறிக்கப்பட்டிருந்தது. ஒருவேளை அந்தப் பெட்டியில் மின்னழுத்தம் ஒருநாளும் எல்லை மீறாமலே இருந்திருக்கலாம். ஆனால் மீறுகின்ற நாளில் தடுக்க ஆளில்லாமல், அதன் முன்னே பேரப்பிள்ளைகள் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் படம் பார்த்திருக்கிறார்கள்.

அந்த மெக்கானிக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் எண்ணமன்று. அவர் பக்கமும் நியாயம் உண்டு. காவல் சுற்று சில வேளை பொய்யாகவும் குரைக்கும். அதில் உள்ள ஒரு ரெசிஸ்டரின் மதிப்பு மாறிவிட்டாலோ, ஜீனர் டையோடு சோர்ந்துவிட்டாலோ, மின்னழுத்தம் சரியாக இருக்கும்போதே பெட்டி நின்றுவிடும். மாற்றுப் பொருளோ சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் பயணத்தில் வர வேண்டும். வாடிக்கையாளரோ அன்று மாலையே தொடர் பார்க்க வேண்டும் என்று வாசலில் நிற்கிறார். உயர் மின்னழுத்தத்தை அளக்கும் தனிக் கோல் மீட்டர் எல்லாக் கடையிலும் இராது. இந்த நெருக்கடியில் வெட்டுவதுதான் சுருக்கு வழி. ஆயினும், பொய்யாகக் குரைத்ததா, மெய்யாகக் குரைத்ததா என்று பார்ப்பதற்குள் நாயைக் கொன்றுவிட்டால் உண்மை தெரிவது எப்படி? வரிப் பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சாதாரண மீட்டரால் அளக்கலாம். ஐயமுள்ள கண்டென்சரை மாற்றலாம். சோதனைக்காகச் சுற்றைப் பிரித்தாலும் வேலை முடிந்ததும் திரும்ப இணைக்கலாம். இதற்கு வேண்டியது இன்னும் ஒரு மணி நேரப் பொறுமை. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுக்க மறுக்கும் வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

"எங்கள் வீட்டில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, அது போதாதா?" என்று கேட்பவர் பலர். இந்தத் தீவுகளில் அக்கேள்வி இயல்பானது. தாய்நிலத்தின் மின்கட்டமைப்போடு நமக்கு இணைப்பில்லை. பெரும்பாலும் டீசல் எந்திரங்களே நமக்கு விளக்கேற்றுகின்றன. வடக்கு அந்தமானில் 2001-இல் வந்த கல்பாங் நீர்மின் நிலையம் 5.25 மெகாவாட்; தெற்கு அந்தமானில் கராச்சர்மாவில் 2013-இல் வந்த சூரிய மின் நிலையம் 5 மெகாவாட். நம் நெய்வேலி நிறுவனம் 2020-இல் 20 மெகாவாட் சூரிய மின்சாரமும், அதன் ஏற்ற இறக்கத்தைத் தாங்க மின்கல அடுக்கும் இங்கே நிறுவியது. சிறு குளத்தில் கல் எறிந்தால் அலை கரைவரை அடிக்கும். பெருங்கடலில் எறிந்தால் தெரியாது. நம்முடையது சிறு குளம். ஓர் எந்திரம் நின்றாலே வீட்டு விளக்கு மங்கிவிடுகிறது. ஆகவே ஸ்டெபிலைசர் தேவையே. ஆனால் அது தெருவாசல் காவலர். வீட்டுக்குள் ஒரு கண்டென்சர் சோர்ந்து துடிப்பு எகிறுவதைத் தெருவாசலில் நிற்பவர் எப்படி அறிவார்? வெளிக்காவல் வேறு, உட்காவல் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழற்றக் கூடாது.

இந்தக் கடலோர வாழ்வுக்கே உரிய தொல்லை இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்றும் ஈரமும் தூசியோடு சேர்ந்து படக்குழாயின் மேல் படலமாகப் படிகின்றன. உயர் மின்னழுத்தக் கம்பி குழாயில் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் மூடியைச் சுற்றி அந்தப் படலம் மின்சாரத்துக்கு வழி விடுகிறது. மழைக்காலத்தில் பெட்டியைப் போட்டதும் 'உஸ்' என்ற சீறலும், இருட்டில் நீல ஒளியும், ஓசோனின் காரமான நெடியும் வந்தால் அது பேய் அன்று; மின்னழுத்தம் கசியும் அடையாளம். அந்தக் குரலும் ஒரு காவல் குரலே. வானொலிச் சத்தத்தைக் கூட்டி அதை மறைத்துவிடுவது அறிவாகாது.

இன்று பெரும்பாலான பெட்டிகள் ஓய்ந்து, கட்டிலுக்கு அடியிலும் கொட்டகை மூலையிலும் கிடக்கின்றன. செம்புக் கம்பிக்காகச் சிறுவர்கள் அவற்றை உடைப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியவை சில உண்டு. படக்குழாய் 25,000 வோல்ட்டில் தேக்கும் ஆற்றல் அரை ஜூலுக்குச் சற்றே மேல். அடித்தால் கை உதறும், கையில் இருப்பது கீழே விழும். மின்வழங்கியில் உள்ள பெரிய கண்டென்சரோ சுமார் 325 வோல்ட்டிலேயே 11 ஜூலுக்கு மேல் தேக்கக்கூடியது. வோல்ட் குறைவு, ஆற்றல் இருபது மடங்கு! எண்ணைப் பார்த்து அஞ்சுவதும் எண்ணைப் பார்த்து அலட்சியம் கொள்வதும் இரண்டுமே தவறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? சற்றுமுன் ஓடிய பெட்டியில் இவை உயிரோடு இருக்கும். ஒருமுறை மின்னை இறக்கிய குழாயிலும் சிறிது நேரத்தில் மீண்டும் மின் ஊறும். மேலும், குழாய் உள்ளே வெற்றிடம். உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கித் தெறிக்கும். வண்ணக் குழாயின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. பெட்டி உயிரோடு இருந்தபோது நம் பிள்ளைகளைக் கதிரிலிருந்து காத்த அதே ஈயம், உடைத்து ஓடைக் கரையில் கொட்டினால் மண்ணுக்கும் நீருக்கும் நஞ்சாகும். தீவின் மண்ணும் நீரும் அளவானவை. கெடுத்துவிட்டால் அடுத்த ஊருக்குப் போக வழியில்லை.

பாம்பு செத்தாலும் பழக்கம் சாகவில்லை என்று முன்பு சொன்னேன். சுற்றிப் பாருங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறோம். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச் மழைநாளில் விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்திருக்கிறோம். மூன்று முனைப் பிளக்கின் நிலமுனையை, துளை பொருந்தவில்லை என்று ஒடித்து எறிகிறோம். லித்தியம் மின்கல அடுக்கு தானே நின்றுவிடுகிறது என்று அதன் காவல் பலகையை விலக்கி ஓட்டுகிறவர்களும் வந்துவிட்டார்கள். எல்லாம் ஒரே நோய். நிற்காமல் ஓடுவதே நல்ல கருவியின் இலக்கணம் என்று நாம் தவறாகக் கற்றிருக்கிறோம். என் கருத்து இதற்கு நேர்மாறானது. ஓட முடியாதபோது நின்றுவிடும் கருவியே நேர்மையான கருவி. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத கருவி, கணக்குக் காட்டாத கணக்கப்பிள்ளையைப் போன்றது.

விஞ்ஞானம் படிக்கும் நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த நம் பெற்றோர், மின்சாரத்தை ஒளி என்று மட்டும் அறிந்தார்கள். பெட்டிகளின் முதுகில் அச்சிட்டிருந்த எச்சரிக்கையோ அவர்கள் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு நம்மைத் தவிர வேறு யாருக்கு?

ஆகவே நம் தமிழ் மாணவர் சங்கத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன். ஒன்று: மின்கருவிகளின் காவல் சுற்றுகளைப் பற்றித் தமிழிலும் இந்தியிலும் ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிட்டு, பழுதுபார்க்கும் கடைதோறும் கொடுப்பது. இரண்டு: கடை மெக்கானிக்குகளை ஒருநாள் நம் பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு அழைப்பது. உபதேசம் செய்ய அல்ல. அவர்களுடைய கைத்திறனை நாம் கற்கவும், நம்முடைய அளவுகருவிகளை அவர்கள் பழகவும். மூன்று: நம் குடும்பங்களில் கிடக்கும் பழைய படக்குழாய்ப் பெட்டிகளை உடைக்காமல் முழுதாகச் சேர்ப்பது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் தொலைக்காட்சிப் பெட்டியும் அடங்கும். அந்த விதிப்படி அவற்றை ஒப்படைக்க வழி செய்யும்படி அதிகாரிகளுக்கு நாம் மனுக் கொடுக்கலாம்.

இம்மூன்றுக்கும் பெரும் பணம் வேண்டாம். பத்துப் பேர் வேண்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். மறுப்போர் மறுத்துப் பேசுக. ஒப்புவோர் ஆளுக்கொரு ஸ்குரூ டிரைவரும் திறந்த மனமும் கொண்டு வருக!